மீசானியா மேடத்தைத் தேடிப் போனது

மீசானியா என்றால் அரபியில் பட்ஜெட். குவைத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. அதுவரை மீசானியா என்பது ஒரு பெண் அதிகாரியின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரானியா, சானியா என்றெல்லாம் பெயர் வைக்கிற ஊரில் மீசானியா என்று ஒருத்தி இருக்கக் கூடாதா? ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் எனக்கு ஏசி மெயின்டனன்ஸ் வேலை. ஃபேன் பெல்ட் கேட்டால் "மாஃபி மீசானியா" என்பார்கள். மாஃபி என்றால் இல்லை. ஃபில்டர் கேட்டால் மீசானியா இன்னும் வரவில்லை. கேஸ் சிலிண்டர் கேட்டால் மீசானியா மஜ்லிஸில், வந்ததும் பார்க்கலாம். மஜ்லிஸ் என்பது அவர்களுடைய பார்லிமென்ட். பெரிய இடத்துப் பெண், ஓயாமல் மீட்டிங் போகிறவள், சீட்டில் உட்காராதவள் என்று நானே ஒரு உருவம் செய்துகொண்டு, மொட்டை மாடி வெயிலில் நின்று அவளைத் தினமும் திட்டினேன்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் என் அக்காவின் மருமகன். அவனும் குவைத்தில் இதே வேலைக்குப் போயிருக்கிறான். போன மாதம் ஃபோன் செய்தான். "மாமா, பட்ஜெட் பாஸ் ஆகலையாம். ஸ்பேர் கேட்டா மாஃபி மீசானியாங்கறான். நீங்க எப்புடி மாமா ஓட்டுனீங்க அத்தன வருசம்?" எனக்கு ஃபோனில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. "பாத்து செய்யிப்பா" என்று வைத்துவிட்டேன். சொல்ல நினைத்தது இதுதான்.

பத்தாவது முடித்துவிட்டுப் பட்டுக்கோட்டையில் ஒரு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் தொழில் கற்றேன். ஏஜென்ட் மூலமாகக் குவைத். ஃபர்வானியாவில் ரூம், ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்ட் கம்பெனி யூனிஃபார்ம். என் பெயர் செல்வராசு. அரபிகளுக்கு அது வாயில் நுழையாமல் "சல்வா" ஆயிற்று. சல்வா என்பது அங்கே பெண்கள் பெயர். யாரையும் திருத்துகிற ஆள் நான் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்து வருடங்களில் பாதிக்கு மேல் கழிந்த சமயம். எண்ணெய் விலை ஏறி, பணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த நாடு திணறியது. அப்போதும் பட்ஜெட் தாளில் பற்றாக்குறை என்றுதான் காட்டுவார்களாம். வருடக் கடைசியில் பார்த்தால் மிச்சம் குவிந்து கிடக்குமாம். பற்றாக்குறை என்று ஒரு அணி சொல்லும், மிச்சம் எங்கே போனது என்று இன்னொரு அணி கேட்கும். மந்திரியை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். மந்திரி ராஜினாமா செய்வார். இல்லாவிட்டால் மஜ்லிஸையே கலைத்துவிட்டு மறுபடி எலெக்‌ஷன் வைப்பார்கள். ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்க வேண்டும். பட்ஜெட் பாஸ் ஆகாவிட்டால் பழைய பட்ஜெட்டே ஓடும். அதில் சம்பளம் வரும், டீ வரும், டைரக்டர் காருக்குப் பெட்ரோல் வரும். புதிதாக வாங்க வேண்டிய சாமான் மட்டும் வராது.

துபாய் அல் கூஸில் வெல்டராக இருந்த என் மச்சானுக்கு இது புரியவே இல்லை. "கவர்மென்ட்கிட்ட காசு இருக்கு. ஆஸ்பத்திரியும் கவர்மென்ட்டோடது. நடுவுல யாரு மச்சான் குறுக்க நிக்கறது?" என்பான்.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. எங்கள் ரூமிலேயே இரண்டு பேர், ஊரில் எதிரெதிர்க் கட்சி. "கஜானாவ காலி பண்ணிட்டுப் போனது யாரு? ஒன் ஆளு." "காலி கஜானாவயும் தொடச்சுத் தின்னது யாரு? அது ஒன் ஆளு." இப்படிச் சண்டை முற்றிய ஒரு நாள் சோறு வைக்கும் முறை அவர்கள் இருவருடையது. ஊர் அரசாங்கத்தின் கடன் தீரும்வரை அடுப்பைப் பற்ற வைக்கமாட்டேன் என்பது போல இருவரும் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்கள். மற்ற நான்கு பேரும் குபூஸ் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றோம். அரசாங்கம் முடங்குவது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ரொட்டிதான் ஞாபகம் வரும்.

இனி என் மேலதிகாரி. ஃபத்ஹி என்று பெயர், எகிப்துக்காரர். எஞ்சினியரை அவர்கள் "பாஷ்முஹந்திஸ்" என்று கூப்பிடுவார்கள். தொழில் முழுக்கத் தெரிந்தவர். ஏசி யூனிட்டின் மேல் கையை வைத்தே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் வாயிலிருந்து "செய்" என்ற வார்த்தையை யாரும் கேட்டதில்லை. "செய்யாதே" என்றும் கேட்டதில்லை. ஏதாவது கேட்டால் முதலில் டீ ஊற்றிக் கொடுப்பார். பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். கையெழுத்து மட்டும் விழாது. இரண்டு பிள்ளைகள் கெய்ரோவில் காலேஜில் படிக்கிறார்கள். அவருக்கு மேலே இரண்டு குவைத்திகள். டைரக்டர் அபு ஃபைசல் அரசாங்கத்தின் ஆள். நிர்வாக அதிகாரி அபு நாசர் ஒரு எதிரணி எம்.பி.யின் சகலை. எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒருவர் மகிழ்வார், மற்றவர் இவரை ஊருக்கு அனுப்புவார். பேனா மூடியோடு விளையாடுவதுதான் பத்திரம் என்று அவர் கண்டுகொண்டிருந்தார்.

அந்த வருடம் ஜூலையில் பெண்கள் வார்டின் யூனிட் போயிற்று. நீண்ட நாள் படுக்கையில் இருக்கிறவர்களின் வார்டு அது. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கிழவிகள். மாடியில் போய்த் திறந்தேன். கம்ப்ரஸர் எரிந்து ஆயில் கருகிப் புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. புதிது போட்டே ஆக வேண்டும். கேட்டேன். பதில் உங்களுக்கே தெரியும்.

வார்டில் டேபிள் ஃபேன்கள் கொண்டுவந்து வைத்தார்கள். அவை சூட்டை ஒரு கட்டிலிலிருந்து எடுத்து அடுத்த கட்டிலுக்குக் கொடுத்தன. ஜன்னலைத் திறந்தால் வெளியே இன்னும் மோசம். அங்கே நர்ஸ் ஸ்டெல்லா, கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண். நான் ஏணியோடு போகும்போதெல்லாம் தமிழில் பேசுவதற்கென்றே கூப்பிடுவாள். அன்று கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, உம் காலிதுக்கு மேலு நெருப்பா கொதிக்கு. முதுகுப் புண்ணு வேற நீர் கட்டியாச்சு. டாக்டரு மருந்து மாத்தியாச்சு, ஒண்ணும் கேக்கல. இன்னும் ஒருநா ரெண்டுநா இந்தச் சூட்டுல கெடந்தா தாங்காதாக்கும்."

உம் காலித் என்றால் காலிதின் அம்மா. பாலைவனத்துக் கிழவி. தாடையில் பச்சை குத்தியிருக்கும். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் மட்டும் விழவில்லை. நான் ஏணியில் நின்றால் "சல்வா, உன் புருஷன் எங்கே?" என்று கேட்டு வார்டையே சிரிக்க வைப்பாள். அன்று கண் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

"வேற வார்டுக்கு மாத்தச் சொல்லுங்க சிஸ்டர்."

"கேக்காமலா? மாத்தக் கூடாதாம். நாளைக்கு காலத்த ஒரு எம்.பி. பாக்க வாராராம், கேமராவோட. அவரு வரும்போ இதுங்க எல்லாம் வேர்த்துக் கெடக்கணுமாம். அபு நாசர் சொல்லுதாரு."

"டைரக்டர் என்ன சொல்றாரு?"

"அவருக்கும் அதான் வேணும். மஜ்லிசு பட்ஜெட்ட இழுத்தடிச்சதுல ஆஸ்பத்திரி என்ன பாடுபடுதுண்ணு அவரு ஆளு ஒருத்தரு பேப்பர்ல எழுத வாராராம். அதும் நாளைக்குத்தான்."

மினிஸ்ட்ரி பணத்தைத் தின்றது என்று காட்ட ஒரு அணிக்கு அந்த வியர்வை தேவை. மஜ்லிஸ் பணத்தை மறித்தது என்று காட்ட இன்னொரு அணிக்கும் அதே வியர்வை தேவை. அந்தக் கிழவி ஒருத்திதான் இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட பட்ஜெட்.

"நீங்க நேரா போய் பெரிய ஆளுகிட்ட கேளுங்கண்ணே. மூலையில நிண்ணு முழிச்சா யாரு தருவா?" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு நேராகப் போகிற பழக்கம் இல்லை. ஆனாலும் அந்த உதட்டைப் பார்த்துவிட்டு வந்ததால் போனேன். யாரிடம் கேட்பது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் யார் கையில் இருக்கிறது என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே.

கீழ்த்தளத்தில் மீட்டிங் ஹால். கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. நீளமான சோபாக்கள். ஒரு பக்கம் அபு ஃபைசலும் இரண்டு விருந்தாளிகளும், எதிர்ப்பக்கம் அபு நாசரும் அவருடைய ஆட்களும். கையை நீட்டி நீட்டிச் சண்டை. ஓரத்தில் ஃபத்ஹி, கையில் பேனா. என்னைப் பார்த்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள். டூல் பேக்கைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு, வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த அரபியைச் சொன்னேன்.

"வேன் மதாம் மீசானியா?"

மீசானியா மேடம் எங்கே என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லையோ என்று இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக, "மதாம் மீசானியா. சைன். கம்ப்ரஸர்" என்றேன்.

அபு ஃபைசல்தான் முதலில் வெடித்தார். பிறகு அபு நாசர். சோபாவில் சாய்ந்து, தலையில் கட்டிய கறுப்பு வளையம் கழன்று விழ விழச் சிரித்தார்கள். அரபியும் ஹிந்தியும் கலந்து ஆளுக்கொன்று சொன்னது எனக்கு ஓரளவு புரிந்தது.

"சல்வா மீசானியாவைத் தேடுது! ரெண்டு பொம்பளைங்க சண்டை!"

"மேடம் மஜ்லிஸ்ல தூங்குறா, போய் எழுப்பு" என்றார் அபு ஃபைசல்.

"இல்லை இல்லை, மினிஸ்ட்ரில மந்திரி மடியில உக்காந்திருக்கா" என்றார் அபு நாசர்.

எதிரெதிராக இருந்த இரண்டு பேரும் எழுந்து வந்து கையோடு கை தட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு அணியும் ஒன்று சேர்ந்து எதையாவது நிறைவேற்றி நான் பார்த்தது அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான். ஃபத்ஹி என் காதருகில் வந்து, "மீசானியா ஆள் இல்லப்பா. பட்ஜெட். பேப்பர்" என்றார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. என் மூன்று வருடத் திட்டும் ஒரு காகிதத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. திட்டவேண்டியவர்கள் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கம்ப்ரஸர் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. சிரித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

ஃபத்ஹி என் பின்னாலேயே வெளியே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு மனிதர் அனுமதி கொடுக்காமல் அனுமதி கொடுப்பது எப்படி என்று வேறு யாரிடமும் நான் பார்க்கவில்லை.

"எனக்குத் தலை வலிக்குது சல்வா. வீட்டுக்குப் போறேன். மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் ஹாலைப் பூட்டிடுவாங்க. நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் வரமாட்டாங்க."

"சரி சார்."

"ஹால் யூனிட்டும் வார்டு யூனிட்டும் ஒரே மாடல்தானே?"

"ஒரே மாடல் சார்."

"சும்மா கேட்டேன்." பேனா மூடியை மாட்டினார். "எரிஞ்ச லைனை ஃப்ளஷ் பண்ணாம புதுக் கம்ப்ரஸரை மாட்டாதே. இது பொதுவாச் சொல்றது. எல்லா நாளைக்கும்."

போய்விட்டார்.

என்னோடு வேலை செய்தவர் கான் பாய், பெஷாவர் பக்கத்துப் பட்டாணி, என்னைவிடப் பெரியவர். விஷயத்தைச் சொன்னதும், "அரே, ஹால்ல இருக்கிறவங்க வாய்லயே போதுமான காத்து வருது. கம்ப்ரஸர் எதுக்கு அவங்களுக்கு?" என்றார் ஹிந்தியில். அந்த வெயிலில் மாடியில் இரும்பைத் தொட முடியாது. ஸ்பேனரைத் தண்ணீர் வாளியில் போட்டுவைத்து எடுத்து எடுத்து வேலை செய்தோம். முதலில் ஹால் யூனிட்டின் மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டு போட்டேன். கேஸை சிலிண்டரில் திரும்ப எடுத்துக்கொண்டு, இரண்டு குழாயையும் கேஸ் டார்ச்சில் சுட்டுக் கழற்றினோம். கம்ப்ரஸரைக் கயிற்றில் கட்டி மூங்கில் நுழைத்து, தோளில் வைத்து வார்டு யூனிட்டுக்குக் கொண்டுபோனோம்.

அங்கேதான் அவசரப்படக் கூடாது. எரிந்த கம்ப்ரஸரின் அமில ஆயில் குழாய் முழுக்க ஒட்டியிருக்கும். அதைக் கழுவாமல் நல்ல கம்ப்ரஸரை மாட்டினால் ஒரு வாரத்தில் அதுவும் போய்விடும். கான் பாய் "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் நைட்ரஜனை அடித்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரைக்கும் கழுவினேன். மிச்ச அமிலத்தையும் ஈரத்தையும் உறிஞ்சுகிற புது டிரையர் என் பெட்டியில் ஒன்று பதுக்கி வைத்திருந்தேன். அதை மாட்டி, லீக் பார்த்து, வேக்குவம் போட்டோம். மீட்டர் ஊசி கீழே இறங்கி அசையாமல் நிற்கும்வரை இருவரும் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு கேஸ். திரும்பி வரும் குழாய் மெல்ல வியர்க்கத் தொடங்கியது. அங்கே வியர்க்கவேண்டியது அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஸ்டெல்லா ஃபோன் செய்தாள். "காத்து வருதுண்ணே" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை நானும் ஃபத்ஹியும் வார்டில் நின்றிருக்க, எம்.பி. வந்தார். நல்ல அத்தர் மணம், வெள்ளை வெளேரென்ற திஷ்தாஷா அங்கி, கேமராவோடு ஒரு ஆள், ஒரு உதவியாளர், கூடவே அபு நாசர். டைரக்டரும் தன்னுடைய பத்திரிகைக்காரரோடு வந்தார். உள்ளே நுழைந்ததும் எல்லோர் முகமும் ஒரே மாதிரி போயிற்று. வார்டு ஜில்லென்று இருந்தது. எம்.பி. உதவியாளரைப் பார்க்க, உதவியாளர் அபு நாசரின் காதில் ஏதோ சொன்னார். அபு நாசர் ஃபத்ஹியிடம் சொன்னார். அரை மணி நேரம் ஏசியை நிறுத்து. போட்டோ எடுத்ததும் போட்டுக்கொள்ளலாம். டைரக்டர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரும் தலையாட்டினார். அவருடைய ஆளுக்கும் போட்டோ வேண்டும் அல்லவா.

ஃபத்ஹி என்னைப் பார்த்து, "சக்கர்" என்றார். மூடு என்று அர்த்தம். அவர் நேராகச் சொல்லி நான் கேட்ட ஒரே உத்தரவு அது. சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார். கண்ட்ரோல் சுவரில் என் பக்கத்தில்தான் இருந்தது. கையை அதன் மேல் வைத்தேன்.

"அண்ணே, கைய எடுங்க" என்றாள் ஸ்டெல்லா தமிழில். பிறகு குனிந்து உம் காலிதின் காதில் அரபியில் ஏதோ சொன்னாள்.

கிழவி கண்ணைத் திறந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. எம்.பி.யைக் கிட்டே கூப்பிட்டாள். அவர் கேமராவுக்கு ஏற்றபடி நின்று குனிந்தார். அவள் சொன்னதைப் பிறகு ஸ்டெல்லா எனக்குத் தமிழில் சொன்னாள்.

"மகனே, அடுத்த எலெக்‌ஷன் எப்போ?"

"அல்லாவுக்குத்தான் தெரியும் உம்மா. எப்போ வேணாலும் மஜ்லிஸைக் கலைப்பாங்க."

"இப்போ பொம்பளைக்கும் ஓட்டு குடுத்துட்டாங்க, தெரியுமில்ல? இந்த வார்டுல எத்தனை கட்டில் இருக்குன்னு எண்ணு. எண்ணிட்டு அப்புறம் நிறுத்து."

எம்.பி. எண்ணினார் என்றே நினைக்கிறேன். அவர் கண் ஒரு சுற்று சுற்றி வந்தது. அடுத்த நிமிடம் சிரித்து, அவள் நெற்றியில் முத்தமிட்டு, காற்று வரும் கிரில்லைக் கையால் காட்டியபடி போட்டோவுக்கு நின்றார். தன்னுடைய தலையீட்டால் வார்டுக்குக் குளிர் திரும்பியது என்று சொன்னாராம். டைரக்டர் விடுவாரா? பட்ஜெட் இல்லாத நிலையிலும் நிர்வாகம் சரிசெய்தது என்று தன் ஆளிடம் எழுதச் சொன்னார். நான் கண்ட்ரோலிலிருந்து கையை எடுத்துவிட்டேன். போட்டோவில் என் முழங்கை விழுந்திருந்தது.

பிறகு எல்லோரும் டீ குடிக்க ஹாலுக்குப் போனார்கள்.

நானும் ஃபத்ஹியும் வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. எம்.பி.யின் திஷ்தாஷா முதுகில் ஒட்டியிருந்தது. டைரக்டர் கத்தினார்.

"இங்கே ஏசி என்ன ஆச்சு?"

"கம்ப்ரஸர் இல்லை சார்" என்றார் ஃபத்ஹி.

"எங்கே போச்சு?"

"வார்டுல இருக்கு சார். இப்போதான் நீங்க போட்டோ எடுத்தீங்க."

அதைத் திரும்ப எடு என்று டைரக்டராலும் சொல்ல முடியாது, அபு நாசராலும் சொல்ல முடியாது. இரண்டு அணியும் அது தங்கள் சாதனை என்று பேப்பருக்குச் சொல்லியாயிற்று. அபு நாசர் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அபு ஃபைசலைப் பார்த்தார். பற்றாக்குறை, தணிக்கை, மஜ்லிஸ், மினிஸ்ட்ரி, ஒரு பேச்சும் இல்லை. டீ ஆறுவதற்குள் அவசரச் செலவு என்று ஒரு தாள் வந்தது. இரண்டு பேரும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டார்கள். இத்தனை நாள் "மீசானியா வரட்டும்" என்று சொன்ன அதே சப்ளையர் மறுநாள் காலையிலேயே கம்ப்ரஸரை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. எந்த அணியும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் கம்பெனியிலிருந்து, உத்தரவு இல்லாமல் சாமானை இடம் மாற்றியதற்கு ஒரு வார்னிங் வந்தது.

புதுக் கம்ப்ரஸரை ஹால் யூனிட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து டைரக்டர் ஆபீஸ் ஆள் மூன்று தரம் ஃபோன் செய்துவிட்டான், முடிந்ததா முடிந்ததா என்று. நான்காவதாக வந்தது ஸ்டெல்லா.

"அண்ணே, ஒருக்கா கீழ வரணும். உம் காலித் ஒரே ஏச்சு. குளிருதாம். போர்வை ரெண்டு போட்டும் கேக்கல்ல. சல்வாவக் கூப்பிடு, அவ புருஷன் வந்தாலும் பரவால்ல, இதக் கொறைக்கச் சொல்லுங்காவ."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். நாலு போல்ட்டில் இரண்டுதான் முறுக்கியிருந்தது. கான் பாய் கீழே ஹால் இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டி, அது என்ன ஆவது என்பது போலப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வார்டுக்கு இறங்கினேன்.